பசுமை ஹைட்ரஜனுக்கான நீர் மின்னாற்பகுப்பு: கூட்டு ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரியும் என்பதைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். அதே வேலையை டன் கணக்கில், வருடக்கணக்கில் பழுதில்லாமல், கட்டுப்படியாகும் விலையில் செய்வது எப்படி என்பதே இன்றைய ஆராய்ச்சி. வேதியியல், உலோகவியல், பாலிமர், மின்னணுவியல், ஆலை நடத்தும் அனுபவம் எல்லாம் ஒன்றுசேர வேண்டிய துறை இது. ஒரு ஆய்வகம் சொல்வதை இன்னொரு ஆய்வகம் சோதித்துப் பார்க்காமல் இதில் ஓர் அடிகூட முன்னேற முடியாது என்பது என் உறுதியான எண்ணம். மாணவர்களும் ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே.

எந்த ஹைட்ரஜனைப் "பசுமை" என்கிறோம்?

உலகம் 2023இல் பயன்படுத்திய ஹைட்ரஜன் ஏறத்தாழ 9.7 கோடி டன். பெரும்பகுதி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் உரத்துக்கான அம்மோனியாவுக்கும் போனது. கிட்டத்தட்ட முழுவதும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்பட்டது. எரிவாயு வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 9 முதல் 10 கிலோ கரியமில வாயு வெளியேறும்.

காற்றாலை, சூரிய மின்சாரம் போன்றவற்றைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுத்தால் அது பசுமை ஹைட்ரஜன். இந்திய அரசு 2023 ஆகஸ்டில் இதற்கு ஒரு வரம்பை அறிவித்தது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் போகக் கூடாது. மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் "பசுமை" என்ற முத்திரையை நம்பிவிடாதீர்கள்.

இருநூறு ஆண்டுப் பழைய தொழில்நுட்பத்தில் ஆராய இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?

பழையது என்பது உண்மைதான். 1789இல் ஆம்ஸ்டர்டாமில் வணிகர் பேட்ஸ் வான் துரோஸ்ட்வைக்கும் மருத்துவர் டெய்மனும் நிலைமின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தார்கள். 1800இல் லண்டனில் வில்லியம் நிக்கல்சனும் அறுவை மருத்துவர் அந்தோணி கார்லைலும் வோல்டாவின் மின்கலத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட கையோடு, தாங்களே ஒன்றைச் செய்து அதே சோதனையை நடத்தினார்கள். இரண்டு இடத்திலும் வெவ்வேறு தொழிலைச் சேர்ந்த இருவர் சேர்ந்தே செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தொழிற்சாலை அளவிலும் இது புதிதல்ல. நார்வேயின் ரியூக்கானில் 1920களின் இறுதியிலேயே நீர்மின்சாரத்தில் பெரிய அளவில் ஹைட்ரஜன் எடுத்தார்கள். நம் பஞ்சாபின் நங்கலில், பக்ரா நங்கல் நீர்மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனில் அம்மோனியா செய்த உரத் தொழிற்சாலை 1960களின் தொடக்கத்தில் ஓடியது. அதோடு இணைந்த கனநீர் ஆலை 1962இல் இயங்கத் தொடங்கியது. பிற்பாடு புதைபடிவ எரிபொருளிலிருந்து எடுப்பது மலிவாகிவிட்டதால் உலகெங்கும் இந்த வழி பின்தங்கிப்போனது.

அணையிலிருந்து வந்த மின்சாரம் இரவும் பகலும் சீராக வந்தது. சூரிய ஒளியும் காற்றும் அப்படி வருவதில்லை. காலையில் ஏறி, மேகம் மறைத்தால் இறங்கி, மாலையில் நின்றுபோகும் மின்சாரத்தில் அந்தக் காலத்து வடிவமைப்பு திணறும். மின்சாரத்தைத் தண்ணீருக்குள் செலுத்தும் மின்வாய்களில் மின்சாரம் அடிக்கடி நின்று நின்று வந்தால் தேய்மானம் கூடும். இன்றைய ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும்?

நடைமுறையில் 50 முதல் 55 யூனிட், அதாவது கிலோவாட் மணி. தண்ணீர் பிரிய வேண்டிய குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.23 வோல்ட். தேவையான வெப்பத்தையும் மின்சாரமே தர வேண்டுமென்றால் 1.48 வோல்ட். அந்த அளவில் கணக்கிட்டால் 39.4 யூனிட் வருகிறது. தண்ணீரைப் பிரிக்கும் உண்மையான கலம் 1.8, 1.9 வோல்ட்டில் ஓடுகிறது. துணைக் கருவிகளும் தம் பங்குக்கு மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன.

இதில் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் துறையின் பாதிக் கட்டுரைகள் புரிந்துவிடும். கலத்தின் மின்னழுத்தம் 0.1 வோல்ட் கூடினால், கிலோவுக்கு ஏறத்தாழ 2.7 யூனிட் கூடுதலாகச் செலவாகும். ஒரு யூனிட் 3 ரூபாய் என்று வைத்தாலும் 55 யூனிட்டுக்கு 165 ரூபாய் மின்கட்டணம் மட்டுமே ஆகிறது. ஆகவேதான் ஆய்வாளர்கள் மில்லிவோல்ட் மில்லிவோல்ட்டாகப் போராடுகிறார்கள்.

அந்த இழப்பில் பெரும்பங்கு ஆக்சிஜன் வெளிவரும் நேர்மின்வாயில் நடக்கிறது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு உருவாக நான்கு எலக்ட்ரான்கள் அடுத்தடுத்து நகர வேண்டும். அந்தப் படிகளில் ஒன்றை எளிதாக்கினால் இன்னொன்று கடினமாகிவிடுகிறது.

எலக்ட்ரோலைசரில் எத்தனை வகை?

தண்ணீரைப் பிரிக்கும் கருவிதான் எலக்ட்ரோலைசர். நான்கு வகை என்று சொல்லலாம். காரவகையே மூத்தது. 25 முதல் 30 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நிக்கல் மின்வாய்கள். விலை குறைவு, ஆயுள் அதிகம், ஆனால் ஏறி இறங்கும் மின்சாரத்துக்கு ஈடுகொடுப்பதில் மந்தம்.

புரோட்டான் பரிமாற்றச் சவ்வு வகையில் கரைசலுக்குப் பதிலாக மெல்லிய பாலிமர் சவ்வு இருக்கும். மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் உடனே ஈடுகொடுக்கும். ஆனால் அதன் நேர்மின்வாய்க்கு வினையூக்கியாக, அதாவது வினையை விரைவுபடுத்தும் பொருளாக, இரிடியம் என்ற அரிய உலோகம் தேவை. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 7, 8 டன் இரிடியம்தான் கிடைக்கிறது. அதுவும் பிளாட்டினச் சுரங்கங்களின் உபபொருளாக, பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து. இன்றைய வடிவமைப்பில் ஒரு ஜிகாவாட் எலக்ட்ரோலைசருக்குச் சில நூறு கிலோ இரிடியம் வேண்டும். இரிடியத்தின் அளவைப் பல மடங்கு குறைக்காவிட்டால் இந்த வகை பெரிதாக வளர வழியில்லை. இன்னொரு நெருக்கடியும் உண்டு. சவ்வு ஃபுளூரின் கலந்த பாலிமர். எளிதில் சிதையாத அத்தகைய வேதிப்பொருள்களை ஒட்டுமொத்தமாகக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஜெர்மனி உள்ளிட்ட ஐந்து ஐரோப்பிய நாடுகள் 2023 ஜனவரியில் அளித்திருக்கின்றன. மாற்றுச் சவ்வைத் தேடும் வேலை இதனால் வேகம் பிடித்திருக்கிறது.

எதிர்மின் அயனிப் பரிமாற்றச் சவ்வு வகை இந்த இரண்டின் நல்ல குணங்களையும் சேர்க்கப் பார்க்கிறது. இரிடியம் தேவையில்லை, சவ்வின் ஆயுள்தான் கவலை. நான்காவது திண்ம ஆக்சைடு வகை. 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீராவியைப் பிரிக்கும். எஃகு ஆலை போல வெப்பம் வீணாகும் இடங்களுக்கு ஏற்றது.

ஒரே வினையூக்கி இரண்டு ஆய்வகங்களில் வெவ்வேறு முடிவு தருமா?

தரும். கூட்டு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நிக்கலின் கதையைத்தான்.

காரக் கரைசலில் நிக்கல் ஆக்சைடு நல்ல வினையூக்கி என்று பல்லாண்டுகளாக நம்பினார்கள். கரைசலில் மிகச் சிறிதளவு இரும்பு கலந்திருந்தாலே நிக்கலின் திறன் பன்மடங்கு கூடிவிடுகிறது என்று 1987இல் டென்னிஸ் காரிகன் காட்டினார். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரும்பு எப்போதும் கொஞ்சம் இருக்கும். அப்படியானால் பல ஆய்வகங்கள் நிக்கலின் திறன் என்று அளந்தது இரும்பின் திறனையா? 2014இல் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஷானன் பெட்சரின் குழு இதை நேராகச் சோதித்தது. நிக்கல் ஹைட்ராக்சைடு தூளைக் கரைசலில் போட்டு இரும்பை உறிஞ்ச வைத்தார்கள். தூள் அடியில் படிந்ததும் தெளிந்த கரைசலை மட்டும் எடுத்து அளந்தார்கள். இரும்பு நீங்கிய கரைசலில் நிக்கல் மிகச் சுமாரான வினையூக்கியாக நின்றது. அந்த இரும்பு நிக்கலின் படிக அமைப்புக்குள் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதை அடுத்த ஆண்டே ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி ஆய்வாளர்கள் சேர்ந்து சிங்க்ரோட்ரான் என்ற பெரிய துகள்முடுக்கி தரும் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்து எழுதினார்கள்.

வேதியியலாளர் ஒருவர் கரைசலைச் சுத்தம் செய்ய, இயற்பியலாளர் ஒருவர் எக்ஸ் கதிரால் பார்க்க, கோட்பாட்டாளர் ஒருவர் கணினியில் கணக்கிட, அதன் பிறகே உண்மை துலங்கியது.

இதே போன்ற இன்னொரு பொறி பிளாட்டினத்தில் இருக்கிறது. விலை மலிந்த வினையூக்கி ஒன்றைச் சோதிக்கும்போது எதிரே துணை மின்வாயாகப் பிளாட்டினக் கம்பியை வைப்பது பழைய வழக்கம். நீண்ட நேரம் ஓட்டினால் பிளாட்டினம் அணு அணுவாகக் கரைந்து, சோதிக்கப்படும் மின்வாயில் படிந்துவிடும். நேரம் ஆக ஆக வினையூக்கி மேம்படுவது போலத் தெரியும். உண்மையில் வேலை செய்வது பிளாட்டினம். அந்த இடத்தில் கார்பன் தண்டைப் பயன்படுத்துங்கள்.

அப்படியானால் அளவீட்டை எப்படி ஒத்திசைப்பது?

ஒரே பாகங்களைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, எல்லோரையும் அளக்கச் சொல்லி, முடிவுகளை ஒப்பிடுவதே வழி. சர்வதேச எரிசக்தி முகமையின் கூட்டுத் திட்டம் ஒன்றில் சவ்வு வகைக் கலங்களுக்கு இப்படிச் செய்து 2019இல் வெளியிட்டார்கள். ஒரே மாவை வெவ்வேறு அடுப்பில் வார்த்த தோசையைப் போல, ஒரே சவ்வும் வினையூக்கியும் இடத்துக்கு இடம் சற்றே வேறுபட்ட மின்னழுத்தம் காட்டின. கலத்தின் வெப்பநிலையை எந்த இடத்தில் அளக்கிறோம், எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்பது முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆராய்ச்சி மையம் 2021இல் பொதுவான சோதனை நெறிமுறைகளையே வெளியிட்டது. இலவசமாகக் கிடைக்கும் அந்த ஆவணத்தை நம் ஆய்வகங்கள் ஒவ்வொன்றும் மேசையில் வைத்திருக்க வேண்டும்.

ஆயுளைச் சோதிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

ஆலையில் வைக்கும் கல அடுக்கு, அதாவது பல கலங்களைச் சேர்த்துக் கோத்த தொகுதி, 60,000 முதல் 80,000 மணி நேரம் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஐந்து ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு முழுவதும் ஒரு நிமிடம்கூட நிறுத்தாமல் ஓட்டினாலும் 43,800 மணி நேரம்தான் வரும். அதாவது, எந்த மாணவரும் தன் வினையூக்கியின் முழு ஆயுளை நேரில் பார்க்க முடியாது.

தேய்மானமும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கும். மின்னழுத்தம் மணிக்கு 5 மைக்ரோவோல்ட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரச் சோதனையில் ஒரு மில்லிவோல்ட்கூட மாறியிருக்காது. 60,000 மணி நேரத்தில் அது 0.3 வோல்ட் ஆகிவிடும். மேலே சொன்ன கணக்குப்படி கிலோவுக்கு 8 யூனிட் கூடுதல் செலவு. எனவே வேண்டுமென்றே கடுமையான சூழலில் ஓட்டி விரைவில் தேய வைக்கும் சோதனைகளை வடிவமைக்கிறார்கள். அந்தச் செயற்கைத் தேய்மானம் உண்மையான தேய்மானத்தை ஒத்திருக்கிறதா என்று சொல்ல, ஆலையில் பல ஆண்டு ஓடி ஓய்ந்த அடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த அடுக்குகள் நிறுவனங்களிடம் இருக்கின்றன. பிரித்துப் பார்க்கும் கருவிகள் ஆய்வகங்களில் இருக்கின்றன. பழுதான பாகங்களையும் பழுதின் விவரங்களையும் நிறுவனங்கள் தர மறுத்தால் இந்த ஆராய்ச்சி அந்த இடத்திலேயே நின்றுவிடும். கூட்டு ஒப்பந்தத்தில் முதலில் எழுதப்பட வேண்டிய விதி இது என்பேன்.

வெளிநாடுகளில் இத்தகைய கூட்டு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது?

அமெரிக்க எரிசக்தித் துறை, "ஒரு பத்தாண்டில் ஒரு கிலோ ஒரு டாலர்" என்ற இலக்கை 2021 ஜூனில் அறிவித்தது. அதற்கு முன்பே 2016இல் ஹைட்ரோஜென் என்ற கூட்டமைப்பையும், 2020இல் எச்2நியூ என்ற கூட்டமைப்பையும் தேசிய ஆய்வகங்களை இணைத்து உருவாக்கியிருந்தது. முதலாவது புதிய பொருள்களைத் தேடுகிறது. இரண்டாவது, ஏற்கெனவே சந்தையில் உள்ள வகைகளின் ஆயுளையும் விலையையும் பார்க்கிறது. இப்படி வேலையைப் பிரித்தது நல்ல யோசனை.

ஐரோப்பாவில் ஆணையமும் தொழில்துறையும் ஆராய்ச்சி அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் தூய ஹைட்ரஜன் கூட்டாண்மை 2021இல் தொடங்கியது. தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு 100 கோடி யூரோ. ஜெர்மனியின் எச்2கீகா திட்டம் எலக்ட்ரோலைசரைக் கையால் கோக்காமல் கார் போல வரிசையாகத் தயாரிப்பதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களையும் ஆய்வு நிலையங்களையும் இணைத்தது.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்து எஃகு ஆலை. அங்கே 2019 நவம்பரில் 6 மெகாவாட் சவ்வு வகை எலக்ட்ரோலைசர் ஓடத் தொடங்கியது. கருவி சீமென்ஸ் நிறுவனத்துடையது, மின்சாரம் ஃபெர்புண்டுடையது, இடம் ஃபஸ்டால்பினே எஃகு நிறுவனத்துடையது. மின்தொடரை, அதாவது மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பி வலையமைப்பை, நடத்தும் நிறுவனமும் திட்டத்தில் இருந்தது; நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆய்வு நிறுவனம் உள்ளிட்ட ஆராய்ச்சி அமைப்புகளும் இருந்தன. ஹைட்ரஜன் எடுப்பதோடு, மின்தொடரின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப எலக்ட்ரோலைசரை ஏற்றி இறக்க முடியுமா என்பதையும் சோதித்தார்கள். மின்தொடரை நடத்துபவர் பக்கத்தில் இல்லாமல் எந்த வேதியியல் ஆய்வகமும் இதைச் சோதிக்க முடியாது.

இந்தியாவில் என்ன நடக்கிறது?

தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4 அன்று ஒப்புதல் அளித்தது. மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி இலக்கு. உற்பத்தி ஊக்கத்தொகைக்கு மட்டும் 17,490 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி, அதாவது ஏறத்தாழ இரண்டு சதவீதம். இது போதாது. சவ்வும் வினையூக்கியும் இறக்குமதியாகவே இருந்தால், ஊக்கத்தொகையில் பெரும்பங்கு கடைசியில் வெளிநாட்டுப் பாகங்களை வாங்கவே போகும். அரசும் தனியாரும் சேர்ந்து ஆராயும் ஏற்பாடும் இந்த இயக்கத்தில் இருக்கிறது. அதன் கைக்குப் பணம் கூட வேண்டும்.

சிறிய அளவில் நல்ல முயற்சிகள் உண்டு. ஆயில் இந்தியா நிறுவனம் 2022 ஏப்ரலில் அசாமின் ஜோர்ஹாட்டில் நாளொன்றுக்கு 10 கிலோ தயாரிக்கும் எதிர்மின் அயனிச் சவ்வு நிலையத்தைத் தொடங்கியது. அந்த ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவுடன் கலந்தால் குழாய்களுக்கும் அடுப்புகளுக்கும் என்ன ஆகும் என்பதை குவாஹாட்டி ஐஐடி உடன் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அளவு சிறிது; கேள்வி சரியான கேள்வி.

இதில் தமிழ்நாட்டின் பங்கு என்ன?

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நாட்டிலேயே மின்வேதியியலுக்கென்று அமைந்த தேசிய ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்தது. 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. காஸ்டிக் சோடா ஆலைகளுக்கான டைட்டானியம் மின்வாய்ப் பூச்சுத் தொழில்நுட்பத்தை உருவாக்கிக் கொடுத்த இடம் அது. காஸ்டிக் சோடாவுக்காக உப்புக்கரைசலை மின்சாரத்தால் பிரிப்பதும் தண்ணீரைப் பிரிப்பதும் நெருங்கிய உறவுள்ள தொழில்கள். அந்தப் பூச்சு அனுபவம் இன்று அப்படியே கைகொடுக்கும்.

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தைக் காண்ட்லா, பாரதீப் துறைமுகங்களோடு சேர்த்துப் பசுமை ஹைட்ரஜன் மையமாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. அங்கே 2025 செப்டம்பரில் ஒரு சிறிய முன்னோடி நிலையமும் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களில் காற்றும் வெயிலும் ஏராளம். காரைக்குடியின் அறிவும் தூத்துக்குடியின் தேவையும் சில மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைத்து ஒரு நீண்டகாலச் சோதனைக் களம் அமைய வேண்டும் என்பது என் ஆசை.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் இது நியாயமா?

நியாயமான கேள்வி. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படி 9 லிட்டர் தண்ணீர் தேவை. சுத்திகரிப்பு இழப்பையும் சேர்த்து 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் 50 லட்சம் டன் இலக்குக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கோடி லிட்டர் ஆகிறது. சென்னையை ஒட்டிய மீஞ்சூர் நிலையமும் நெம்மேலியின் முதல் நிலையமும் சேர்ந்து வடிவமைப்புத் திறனில் கடல்நீரிலிருந்து ஒரு நாளில் எடுக்கும் அளவு அது. குளிர்விப்புக்குத் தண்ணீரைப் பயன்படுத்தினால் இன்னும் கூடும்.

கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். 15 லிட்டருக்கு 0.06 யூனிட்டுக்கு மேல் ஆகாது. ஹைட்ரஜனுக்கான 50 யூனிட்டுக்கு முன்னால் இது ஒரு பொருட்டே அல்ல. ஆகவே கடலோரத்தில் அமையும் ஆலை ஊர்க் கிணற்றிலும் ஆற்றிலும் கைவைக்க எந்தக் காரணமும் கிடையாது. கடல்நீர்ச் சுத்திகரிப்பை உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்க வேண்டும். திரும்பக் கடலில் விடும் உவர்நீர் மீனவர்களின் கரையை என்ன செய்யும் என்பதையும் கடலியல் ஆய்வாளர்களைக் கூட்டில் சேர்த்துத் தொடக்கத்திலேயே ஆராய வேண்டும்.

கடல்நீரை நேரடியாகப் பிரிக்க முடியாதா?

முடியும், ஆனால் நேர்மின்வாயில் ஆக்சிஜனோடு குளோரினும் வரும். எதிர்மின்வாயில் மெக்னீசியம், கால்சியம் படிந்து அடைத்துக்கொள்ளும். சுத்திகரிப்பு இவ்வளவு மலிவாக இருக்கும்போது இதற்கு அவசரம் இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆபத்து உண்டா?

காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் தீப்பிடிக்கும். குறைந்த மின்சாரத்தில் ஓடும்போது ஆக்சிஜன் உற்பத்தி குறைந்துவிடும். ஆனால் இரு மின்வாய்களுக்கும் நடுவிலுள்ள தடுப்பைக் கடந்து கசியும் ஹைட்ரஜனின் அளவு அவ்வளவாகக் குறையாது. எனவே ஆக்சிஜன் பக்கத்தில் அதன் விகிதம் ஏறும். 2 சதவீதத்தை எட்டியதும் ஆலையை நிறுத்திவிடுவது வழக்கம். மேகமூட்டமான நாளில் சூரிய மின்சாரத்தில் ஓடும் கார வகை ஆலைக்கு இது அன்றாடப் பிரச்சினை.

கூட்டு ஆராய்ச்சியில் காப்புரிமை யாருக்குச் சேரும்?

கூட்டுக்கு முன்பே கையில் இருந்த அறிவு அவரவருக்கு. கூட்டில் பிறந்தது பங்களிப்புக்கு ஏற்ப என்பது பொதுவான நடைமுறை. எதுவானாலும் வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாணவர் தன் ஆய்வேட்டை வெளியிட எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கல்லூரி மாணவன் நான். பெரிய கருவிகள் இல்லாமல் எப்படிச் சேர்வது?

கருவி இல்லை என்று தயங்க வேண்டாம். இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வாளரும் விண்ணப்பித்து நேரம் பெறலாம். ஜெர்மனியின் ஹாம்பர்கில் உள்ள சிங்க்ரோட்ரானைப் பயன்படுத்தவும் இந்திய ஆய்வாளர்களுக்கு ஏற்பாடு இருக்கிறது. உங்கள் வழிகாட்டி மூலம் விண்ணப்பியுங்கள்.

அதற்கு முன் உங்கள் குறிப்பேடு ஒழுங்காக இருக்கட்டும். கரைசல் எந்த நிறுவனத்துடையது, எந்தத் தொகுதி எண், இரும்பை நீக்கினீர்களா, துணை மின்வாய் எது, வெப்பநிலையை எங்கே அளந்தீர்கள், எத்தனை மாதிரிகள் தோற்றன என்பதை எல்லாம் அன்றன்றைக்கே எழுதுங்கள். பிறகு மாதிரியின் ஒரு பாதியை வேறொரு கல்லூரியில் இருக்கும் நண்பருக்கு அனுப்பி, உங்கள் அளவைச் சொல்லாமல் அவரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் கட்டுரையில் இரண்டையும் வெளியிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இருவரும் முதலில் கரைசலில் இரும்பைத் தேடுங்கள்.